மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர்

பெப்ரவரி நடுப்பகுதி, காலை பத்து மணி, மைனஸ் 14. உறைந்த சதுப்புக்குள் முழங்கால் அளவு பனியில் நின்றபடி, வலக்கைக் கையுறையைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஒரு குச்சியின் நுனியை வேர்னியர் அளவியால் அளந்தேன். நுனி மொட்டுக்கும் அதற்குக் கீழே இருக்கும் முதல் சோடி மொட்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் வெறும் தண்டு. "அத்தான், இது கறுப்பு ஆஷ் மரம்தான்" என்றேன்.

"கோடையிலயும் அதைத்தானே சொன்னனீர்" என்றார்.

கோடையில் நான் கறுப்பு ஆஷ் என்று சொன்னது வேறு மரத்தை. அது பிழை. இப்போது அளந்த இந்த மரத்தை அப்போது வெள்ளை ஆஷ் என்றேன், அதுவும் பிழை. எட்டு மாதமாக எங்கெல்லாம் வழுக்கி விழுந்தேன் என்பதை எழுதி வைத்தால், காணிக்குள் ஆஷ் மரம் நிற்கிற யாருக்காவது ஒரு சீசனாவது மிச்சமாகும்.

அக்காவும் அத்தானும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், லின்ட்சே என்ற ஊருக்கு வடக்கே 11 ஏக்கர் காணி வாங்கியிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு சதுப்பு, மிச்சம் பழைய புல்வெளியும் ஒரு மேட்டுக் காடும். சதுப்பின் ஓரமாக ஒரு கொட்டில் போட்டு, அங்கே நிற்கிற பட்ட மரங்களை விறகாக்குவது அத்தானின் திட்டம். பக்கத்துக் காணிக்காரர் வேலியருகே நின்று கதைக்கும்போது, அதிலே கறுப்பு ஆஷ் இருக்கலாம், வெட்டுமுன் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கறுப்பு ஆஷை ஒன்ராறியோ மாகாணம் 2022 ஜனவரியில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தான் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் நாலு தக்காளியும் ஒரு கறிவேப்பிலைச் சாடியும் வளர்ப்பதால் குடும்பத்தில் எனக்கு மரஞ்செடி தெரிந்தவன் என்று பெயர்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஷ் என்றதும் தமிழில் 'சாம்பல் மரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் மரத்துக்கு ஒரு சொல், அடுப்புச் சாம்பலுக்கு இன்னொரு சொல். காலப்போக்கில் உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். மரத்துக்கும் சாம்பலுக்கும் ஒரு உறவும் கிடையாது. உண்மையான உறவு எங்கள் வீட்டு மல்லிகையோடு. ஆஷ், மல்லிகை, பவளமல்லி, ஒலிவ் எல்லாம் ஒரே குடும்பம். மல்லிகைக் கொடியில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே இருக்குமே, ஆஷிலும் அப்படித்தான். ஆஷ் தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஜூன் கடைசியில் முதல் தடவை போனேன். நான் இருக்கும் ஸ்காபுறோவிலிருந்து போய்வர ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கையில் இருந்தது தொலைபேசி மட்டும். மரம் அறியும் செயலி ஒன்றை இறக்கி, எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு இலையைப் படம் எடுத்தேன். 'வெள்ளை ஆஷ்' என்றது. அடுத்த மரமும் வெள்ளை ஆஷ். மூன்றாவதும். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது என்று நினைத்து அத்தானிடம் கறுப்பு இல்லை, எல்லாம் வெள்ளை என்று சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றில் ஒன்று ஆஷே இல்லை. மனிடோபா மேப்பிள். அதற்கும் எதிரெதிர்க் கிளை, அதற்கும் ஒரு காம்பில் பல சிற்றிலை. வேறுபாடு என்னவென்றால் மேப்பிளின் இளங்குச்சி பச்சையாக, மேலே திருநீறு பூசியதுபோல் ஒரு வெண்மாவோடு இருக்கும். சிற்றிலை அநேகமாக மூன்று அல்லது ஐந்து. விதைகள் சோடியாக ஒட்டிக்கொண்டு தொங்கும். ஆஷ் விதை தனித்தனி. ஒற்றைத் துடுப்பு மாதிரி.

இலை என்றால் எது என்பதிலேயே எனக்குக் குழப்பம் இருந்தது. வேப்பங்கொத்தை நினைத்துக்கொண்டால் சுலபம். நாங்கள் வேப்பிலை என்று ஒவ்வொன்றாக உருவுவது சிற்றிலை. ஈர்க்கோடு சேர்ந்த முழுக்கொத்துத்தான் ஒரு இலை. எப்படி உறுதி செய்வது? காம்பு கிளையோடு சேரும் மடியில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. ஆஷிலும் இதே கணக்கு. எதிரெதிராகப் பார்க்கவேண்டியதும் கொத்துகளைத்தான். சிற்றிலை எதிரெதிரே இருப்பது ஹிக்கரி, வோல்நட், சுமாக் எல்லாவற்றிலும் உண்டு. அவற்றில் கொத்துகள் மாறி மாறி வரும். மவுண்டன் ஆஷ், முள் ஆஷ் என்று பெயரில் ஆஷை ஒட்டவைத்துக்கொண்டவையும் மாறி மாறித்தான், அதனால் இரண்டும் முதல் பார்வையிலேயே கழிந்துவிடும்.

ஒன்ராறியோவுக்கு உரிய ஆஷ்களில் எங்கள் பக்கத்தில் எதிர்பார்க்கக்கூடியவை மூன்று: வெள்ளை, பச்சை (சிலர் சிவப்பு என்பார்கள், ஒரே இனம்), கறுப்பு. நீல ஆஷ், பூசணி ஆஷ் என்று இன்னும் இரண்டு உண்டு, ஆனால் அவை மாகாணத்தின் தென்மேற்கு மூலைக்காரர். நீல ஆஷின் இளங்குச்சி நாலு பட்டையாகச் சதுரமாக இருக்கும். விரலில் உருட்டினாலே தெரிந்துவிடுமாம். எனக்கு உருட்டக் கிடைக்கவில்லை.

ஜூலையில் ஒழுங்காகத் தொடங்கலாம் என்று சாமான் வாங்கினேன். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை (லென்ஸ்) 18 டொலர். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து 62. நுளம்பு வலைத் தொப்பி 11. மரத்துக்கு இலக்கமிட அலுமினிய எண் தகடு 50 கொண்ட பெட்டி 19. எட்டிக் கிளை வெட்டும் நீளக் கத்தரிக்கோல் 84.

இந்த 84 டொலர் சாமானை மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தேன். மரம் காப்புக்குரியதா என்று தெரியாமல் அதில் கிளை வெட்டக் கூடாது; கிளை வெட்டாமல் மரம் எதுவென்று தெரியவில்லை. ஒரு இரவு முழுக்க இதை யோசித்துவிட்டு, கீழே விழுந்து கிடப்பதை மட்டும் பொறுக்குவது, நிற்கிற மரத்தில் கைக்கு எட்டுவதை வெட்டாமல் வளைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அதிலும் இரண்டு அடி வாங்கினேன்.

முதலாவது, விழுந்த குச்சி. 6ஆம் இலக்க மரத்தின் அடியில் கிடந்த குச்சியைப் பார்த்து மரத்துக்குப் பெயர் எழுதினேன். அடுத்த கிழமை அதே மரத்தடியில் இன்னொரு குச்சி, வேறு மாதிரி. மேலே அண்ணாந்து பார்த்தால் இரண்டு மரங்களின் உச்சி பின்னிக்கொண்டு நிற்கிறது. சதுப்பில் நெருக்கமாக வளர்ந்த மரம் எல்லாம் இப்படித்தான். விழுந்த குச்சி காட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும். எந்த மரம் என்று சொல்லாது. பொறுக்கிய 23 குச்சியில் 17ஐ எறிந்தேன்.

இரண்டாவது, கைக்கு எட்டிய இலை. ஆஷ் மரங்களில் பல ஏற்கெனவே நோய்ப்பட்டவை. எமரால்ட் ஆஷ் துளைப்பான் என்ற பச்சை மின்னும் வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, 2002இல் டெட்ரொயிட்டிலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் பாம்புபோல் வளைந்து வளைந்து தின்று மரத்தின் சாற்றோட்டத்தை அறுத்துவிடும். உச்சி காய்கிற மரம், உயிரைப் பிடிக்க அடிமரத்திலிருந்து புதுத்துளிர்களைத் தள்ளும். எனக்கு எட்டியது அந்தத் துளிர்கள்தான். அவற்றின் இலை சாதாரண இலையைவிடப் பெரியது, பல் ஆழமானது, சிற்றிலை எண்ணிக்கையும் ஒழுங்கில்லை. செயலி எல்லாவற்றையும் வெள்ளை என்று சொன்னதற்கும் இதுதான் காரணமாக இருக்கவேண்டும். நான் அதற்குக் காட்டிய படம் எல்லாமே இந்தத் துளிர்தான்.

வண்டு வெளியேறிய துவாரத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆங்கில டி எழுத்து மாதிரி, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். வட்டத் துவாரம் என்றால் வேறு பூச்சி. மரங்கொத்தி பட்டையைச் செதுக்கி வெளிறிய திட்டுகளாக விட்டிருந்தால் தூரத்திலிருந்தே சந்தேகப்படலாம்.

ஓகஸ்ட்டில் மரத்தை விட்டு மண்ணைப் பார்க்கத் தொடங்கினேன். கறுப்பு ஆஷ் சதுப்பு மரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியானால் எங்கே தண்ணி நிற்கிறதோ அங்கே கறுப்பு என்று ஒரு குறுக்குவழி. மேட்டிலிருந்து சதுப்பின் நடுவரை ஒரு கயிறு பிடித்து, 15 மீட்டருக்கு ஒரு குழியாக ஆறு குழி. மண்வெட்டி முதல் மூன்றுக்குப் போதும். நாலாவதில் வேர்ப்பின்னல், அலவாங்கு வேண்டியதாயிற்று.

மேட்டுக் குழி இரண்டிலும் பழுப்பு நிறச் சரளை மண், 60 சென்டிமீட்டர் வரை தண்ணி இல்லை. மூன்றாவது சாய்வில், சாம்பல் களிமண்ணில் துருப்பிடித்த மாதிரிச் செம்புள்ளிகள், அதாவது ஆண்டில் சில மாதம் தண்ணி நின்று வடிகிற இடம். கடைசி மூன்றிலும் மேலே கறுத்த உக்கல் மண், பிசைந்தால் விரல் இடுக்கால் வழுக்கும், 40 சென்டிமீட்டர் தடிப்பு, அதற்குக் கீழே களி. ஐந்தாம் குழியில் 20 சென்டிமீட்டரிலேயே தண்ணி ஊறி, பத்து நிமிடத்தில் குழி நிறைந்தது. சுற்றிலும் ஈரநில மரங்களான வெள்ளைச் சீடர், டமரக், வெள்ளி மேப்பிள். புத்தகத்தில் போட்ட மாதிரி கறுப்பு ஆஷின் வீடு.

ஆக, ஐந்தாம் குழிக்குப் பக்கத்தில் நின்ற 14ஆம் இலக்க மரம் கறுப்பு என்று எழுதி, அத்தானுக்கும் சொன்னேன். அவர் அதைச் சுற்றி ஒறேஞ்ச் நாடா கட்டி, கொட்டிலின் வரைபடத்தையும் மாற்றினார்.

பச்சை ஆஷுக்கும் ஈரக்கால் பிடிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆற்றோரம், வெள்ளம் வந்து வடிகிற தாழ்நிலம் எல்லாம் அதன் இடம். மண்குழி எனக்கு உண்மையில் தந்தது ஒன்றுதான்: தண்ணி தேங்கும் பக்கம் நிற்பவை வெள்ளை ஆஷாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. வெள்ளை வடிகாலுள்ள மேட்டை விரும்பும். கறுப்பா பச்சையா என்ற கேள்விக்கு மண் பதில் சொல்லவில்லை. ஆறு குழிக்கு ஒரு முழு நாளும் ஒரு முதுகு வலியும் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி. உண்ணி கடித்தால் லைம் நோய் வரக்கூடும் என்பதால் அக்கா இடுக்கியால் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கால்சட்டையைக் காலுறைக்குள் செருகாமல் அந்தப் பக்கம் போக விடவில்லை.

செப்டம்பர் மூன்றாம் கிழமை, பெரிதாக ஒன்றும் திட்டமில்லாமல் போன நாள்தான் முதல் நல்ல தடயம் கிடைத்தது. மேப்பிள் இன்னும் பச்சை. மேட்டில் நின்ற ஆஷ்களில் இலை ஊதா கலந்த மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. சதுப்புக்குள் ஒன்பது மரம் ஏற்கெனவே மொட்டை. முதலில் செத்துவிட்டன என்று நினைத்தேன். கீழே பார்த்தால் புதிதாக விழுந்த மஞ்சள் இலை. கறுப்பு ஆஷ் வசந்தத்தில் பிந்தித் துளிர்த்து, இலையுதிர்காலத்தில் முந்தி உதிர்க்கும் மரம். அந்த ஒன்பதில் 14ஆம் இலக்கம் இல்லை. அது இலையோடு ஜம்மென்று நின்றது. அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சில மரத்தடியில் விதையும் கிடைத்தது. விதையை உள்ளங்கையில் வைத்து, துடுப்பின் தட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். வெள்ளையில் தட்டை விதையின் நுனியில்தான் தொடங்கும். விதை உருளையாகத் தனியே தெரியும். பச்சையில் தட்டை விதையின் பாதிவரை இரு பக்கமும் இறங்கியிருக்கும். கறுப்பில் விதையே தட்டை. சுற்றிவர அடிவரை இறகு, நுனி மழுங்கி, சிலதில் சின்ன வெட்டு. விதைக்கும் குச்சியின் அதே குறை உண்டு, காற்றில் பறந்து வந்திருக்கலாம். எனவே தரையில் கிடந்ததை விட்டுவிட்டு, கிளையிலேயே தொங்கும் கொத்தைத் தூரநோக்கியால் பார்த்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்தேன். எல்லா மரத்திலும் விதை வராது. ஆண் பூ மட்டும் பூக்கிற மரங்களும் உண்டு.

இடையில் ஒரு விளையாட்டு வேலை. கறுப்பு ஆஷ் மரத்தை அடித்து ஆண்டு வளையங்களைத் தனித்தனி ஓலைபோல் உரித்தெடுத்துக் கூடை பின்னுவது அனிஷினாபே, ஹோடெனோசோனி, மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களின் பழைய கைவேலை. ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் வளரும் மர அடுக்கு பெரிய துளைகளோடு மெத்தென்று இருக்கும். அடிக்கும்போது அந்த அடுக்கு நசிந்து, அடுத்த வளையத்திலிருந்து கழன்றுவிடும். பனையோலைப் பெட்டி பின்னும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதைக் கேட்டதும் கை துருதுருத்தது. எப்பவோ முறிந்து கிடந்த ஒரு அடிமரத் துண்டைக் கட்டைச் சுத்தியலால் அரை மணித்தியாலம் அடித்தேன். சிம்பு சிம்பாகத் தெறித்தது. ஓலை வரவில்லை. பச்சை ஈரத்தோடு இருக்கிற நேர்மரம்தான் இந்த வேலைக்கு ஆகும். நான் அடித்தது காய்ந்து பல வருடமானது. அது கறுப்பு ஆஷாக இருந்ததா என்பதற்கே உத்தரவாதமில்லை.

பிறகு பெப்ரவரி.

குளிர்காலத்தில் மரம் பார்க்கப் போவதாகச் சொன்னதும் அக்கா சிரித்தா. உண்மையில் இதைவிட வசதியான காலம் இல்லை. நுளம்பு இல்லை, உண்ணி இல்லை, பட்டால் அரிக்கும் நச்சுக்கொடியின் இலை இல்லை (அடிமரத்தில் ஏறும் அதன் மயிர்க்கொடியைத் தொடாமல் இருந்தால் சரி). ஓகஸ்ட்டில் இடுப்பளவு சேற்றில் நீந்திப் போன இடத்துக்கு நடந்து போகலாம். பனியின் பாரத்தில் கிளைகள் தாழ்ந்திருக்கும், வளைக்காமலே மொட்டு கண்மட்டத்துக்கு வரும். இலை இல்லாததால் எந்தக் கிளை எந்த மரத்தினது என்று அடிவரை கண்ணால் தொடரலாம்.

ஒரு எச்சரிக்கை. 9ஆம் இலக்க மரத்தடியில் பனிக்கு அடியில் ஐஸ் இல்லை, வலது கால் முழங்கால்வரை இறங்கி சப்பாத்து நிறையத் தண்ணி. மைனஸ் 14இல் இது பகிடி இல்லை. உடனே வாகனத்துக்குப் போய்க் காலுறை மாற்றினேன். பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. அந்த இடத்தில் ஊற்று மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் உறையவில்லை. கறுப்பு ஆஷ் தேங்கிய தண்ணியையும் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் மெல்ல அசைகிற தண்ணிதான் அதற்கு உவப்பு. என் ஆறு குழியும் சொல்லாததை ஒரு நனைந்த கால் சொன்னது.

குச்சியில் மூன்று இடம் பார்த்தேன். முதலில் நுனி மொட்டு. கறுப்பில் கூராக, கடும் பழுப்பு, கறுப்புக்குக் கிட்ட. அதற்குக் கீழே முதல் சோடி மொட்டு விலகி நிற்கும், நுனி மொட்டு கழுத்து நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். வெள்ளையிலும் பச்சையிலும் அந்தச் சோடி நுனி மொட்டின் தோளிலேயே ஒட்டியிருக்கும். என் ஒன்பது மரத்திலும் ஒவ்வொன்றுக்கு நாலு குச்சி அளந்தேன்: ஆகக் குறைந்தது 3, ஆகக் கூடியது 7 மில்லிமீட்டர். 14ஆம் இலக்கத்தில் நாலு குச்சியிலும் பூச்சியம்.

அடுத்தது இலைத் தழும்பு, போன வருட இலைக்காம்பு கழன்ற இடம். வெள்ளையில் தழும்பின் மேல்விளிம்பு குதிரைலாடம்போல் குழிந்து, மொட்டு அந்தக் குழிக்குள் அமர்ந்திருக்கும். பச்சையில் மேல்விளிம்பு நேராக வெட்டியதுபோல், மொட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். வில்லை இல்லாமலும் தெரியும், ஆனால் குளிரில் கண்ணீர் வழிகிற கண்ணுக்கு வில்லை நல்லது. 14இன் தழும்பு நேர்க்கோடு. பச்சை. அத்தானிடம் சொன்னேன். "அப்ப நான் கட்டின நாடா?" என்றார். "அவிட்டு ஒன்பதாம் மரத்தில கட்டுங்கோ அத்தான்" என்றேன்.

மூன்றாவது பட்டை. பெரிய வெள்ளையிலும் பச்சையிலும் பட்டை கடினமாக, பின்னல் வலைபோல், சாய்சதுரம் சாய்சதுரமாக வெடித்திருக்கும். கறுப்பில் அது தக்கைபோல் மெதுவாக, செதிலாக இருக்கும். உள்ளங்கையால் தேய்த்தால் மா மாதிரி உதிரும். பனியின் மேல் உதிர்ந்த தூளைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் இளமரங்களில் பட்டையை நம்பக்கூடாது, எல்லா இனமும் சின்ன வயதில் வழுவழுப்புத்தான்.

அன்றே எல்லா மரத்தையும் அளந்து முடித்தோம். மரத்தின் தடிப்பை நெஞ்சு உயரத்தில் எடுப்பார்கள். கனடாவில் அது நிலத்திலிருந்து 1.3 மீட்டர், அமெரிக்காவில் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். நான் முதலில் சில மரத்தை ஒன்றிலும் சிலதை மற்றதிலும் அளந்து குழப்பிவிட்டு, பிறகு ஒரு தடியில் 1.3க்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டேன். விட்டம் நேராகக் காட்டும் சிறப்பு நாடா தேவையில்லை. அக்காவின் தையல் நாடாவால் சுற்றளவு எடுத்து 3.14ஆல் பிரித்தேன். 9ஆம் மரம் சுற்றளவு 71, விட்டம் 22.6 சென்டிமீட்டர். துணி நாடா ஈரத்தில் இழுபடும் என்பதைப் பிந்திக் கண்டேன். 71 என்று வந்தது 70ஆகவும் இருக்கலாம். இதற்கு அது போதும்.

மொத்தம் 31 ஆஷ். உயிரோடு 19, பட்டது 12. உயிருள்ளவற்றில் கறுப்பு 9, பச்சை 7, மேட்டில் வெள்ளை 3. பட்ட மரத்தில் மொட்டும் இல்லை, இலையும் இல்லை, பட்டையையும் மரங்கொத்தி உரித்துவிட்டது. பன்னிரண்டில் நாலில் மட்டும் கிளையில் காய்ந்த விதைக்கொத்து தொங்கியது, மூன்று பச்சை, ஒன்று கறுப்பு. மிச்சம் எட்டுக்கு நேராகப் புத்தகத்தில் கேள்விக்குறி.

இந்த ஜூனில் கடைசிச் சோதனைக்குப் போனோம். கறுப்பு ஆஷின் பக்கச் சிற்றிலைகளுக்குக் காம்பே கிடையாது, நடு ஈர்க்கில் நேராக ஒட்டியிருக்கும். ஒட்டும் மூலையில் செம்பழுப்பு மயிர்க் கற்றை. அடிமரத் துளிரை விட்டு, உச்சியிலிருந்து தாழ்ந்து வந்த கிளையை அத்தான் கொக்கித் தடியால் மெல்ல இழுத்துப் பிடிக்க, நான் வில்லையை வைத்தேன். துருப்பிடித்த கம்பிப் பஞ்சு மாதிரி மயிர். எண்ணினால் 9 சிற்றிலை, மற்றக் கொத்தில் 11. பச்சையில் ஏழு அல்லது ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் கட்டைக் காம்பு. வெள்ளையில் காம்பு நீளம், இலையின் அடிப்பக்கம் வெளிறல். பெப்ரவரியில் எழுதியது ஒன்றும் மாறவில்லை.

முதல் நாளே சிற்றிலையின் காம்பைப் பார்த்திருந்தால் எட்டு மாதம் எதற்கு என்று மச்சாள் ஒருத்தி கேட்டாள். உச்சிக் கிளையில் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். துளிரில் பார்த்தேன், அங்கே சிலதற்குக் காம்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

செலவு: வில்லை, சப்பாத்து, தொப்பி, தகடு, நாடா இரண்டு உருளை எல்லாம் சேர்த்து 121 டொலர். வேர்னியர் அளவி ஏற்கெனவே கராஜில் கிடந்தது. ஏழு பயணத்துக்குப் பெற்றோல் இதைவிடக் கூட, அதை அத்தான் கொடுத்தார்.

திரும்பச் செய்வதானால் மண்வெட்டியைத் தொடமாட்டேன். செப்டம்பரில் ஒருமுறை போய் முந்தி உதிர்ந்த மரங்களுக்கு நாடா கட்டுவேன். பெப்ரவரியில் குச்சி பார்ப்பேன், மாற்றுக் காலுறை இரண்டு சோடியோடு. ஜூனில் உச்சிக் கிளைச் சிற்றிலை. மூன்று பயணம். தகட்டை மரத்தில் ஆணியால் அடித்ததும் பிழை. கம்பியைத் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம், மரம் தடிக்கத் தடிக்கத் தளர்த்தலாம்.

கொட்டில் இப்போது மேட்டுப் பக்கம், பழைய இடத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி. கறுப்பு ஆஷ் செத்துப்போன சதுப்புகளில் நீர்மட்டம் ஏறியது பதிவாகியிருக்கிறது, மரம் உறிஞ்சி ஆவியாக்கிய தண்ணிக்குப் போக இடமில்லாமல் போவதால். ஒன்பதில் நாலில் டி துவாரம் ஏற்கெனவே தெரிகிறது. பழைய இடத்தில் கட்டியிருந்தால் சில வருடத்தில் கொட்டிலுக்குள் தவளை வந்திருக்கும் என்று அத்தான் தானாகவே சொல்லிக்கொண்டு அடுத்த தூணுக்குக் குழி வெட்டினார். கேள்விக்குறி போட்ட எட்டு மரமும் நிற்கட்டும், விறகுக்கு மேப்பிள் விழுந்து கிடக்கிறது. வருகிற செப்டம்பரில் ஒன்பதாம் மரத்தில் விதை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.